ரயிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று: ஐயாயிரம் ரூபாய்க்குள் வயர் ஹெட்போன்

கேள்வி, ஒரு வாசகர், 9 பிப்ரவரி 2024

பட்ஜெட் 5,000 ரூபாய். ப்ளூடூத் அலுத்துவிட்டது, வயர் வைத்ததுதான் வேண்டும். தினமும் தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயில். இரவில் வீட்டில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாட்டு. கச்சேரிப் பதிவுகளும் பழைய பாட்டும்தான் அதிகம். ஒரே ஹெட்போன் இரண்டுக்கும் போதுமா? போனில் ஹெட்போன் செருகும் ஜாக் கிடையாது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

9 பிப்ரவரி 2024, இரவு

ஒரே ஹெட்போனில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். ரயிலில் வெளிச் சத்தத்தை அடைக்க வேண்டும். வீட்டில் காது காற்றாட இருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் தேவைகள். இரண்டையும் கொடுக்கிறேன் என்று சொல்லும் ஹெட்போன் நடுவில் எங்கோ நின்று இரண்டையும் அரைகுறையாகச் செய்யும், விலையும் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

ரயிலுக்குக் காதுக்குள் நுழையும் இன்-இயர் ஒன்று, 2,000 ரூபாய்க்குள். மூன்டிராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ இரண்டும் இந்த வட்டாரத்தில் வருகிறவை. இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம். அது ஏன் முக்கியம் என்று அப்புறம் எழுதுகிறேன். போனின் டைப்-சி துளையில் செருகி ஹெட்போனை மாட்ட ஒரு டாங்கிள், ஆயிரத்தை ஒட்டி. மிச்சத்தில் வீட்டுக்கு லேசான, நுரை வைத்த திறந்த வகை ஹெட்போன் (ஓபன் பேக் என்பார்கள், பின்பக்கம் மூடாமல் காற்றும் ஒலியும் போய்வரும்). கோஸ் கேஎஸ்சி75 அமெரிக்காவில் 20 டாலர் அளவில் விற்பது. இங்கே இறக்குமதிச் செலவு சேர்ந்து கொஞ்சம் கூடும், ஆனாலும் கணக்கு இடிக்காது.

10 பிப்ரவரி 2024

ஆம்ப் பற்றி. வேண்டாம். ஏன் என்று எண்ணைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம், அதாவது மின்தடை. இன்னொன்று ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் என்பது. பலர் ஓமை மட்டும் பார்த்து பயந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே கோஸ் கம்பெனியின் இன்னொரு நுரை ஹெட்போன் போர்ட்டா ப்ரோ: 60 ஓம், மில்லிவாட்டுக்கு 101 டெசிபெல். நல்ல டாங்கிள் ஒரு வோல்ட் தரும். ஒரு வோல்ட்டை 60 ஓமில் செலுத்தினால் கிட்டத்தட்ட 17 மில்லிவாட். அது 12 டெசிபெல் கூடுதல். ஆக 113 டெசிபெல் வரை போகும். அந்தச் சத்தத்தில் கேட்டால் காது போய்விடும். பாதி வோல்ட்தான் வருகிறது என்றாலும் 6 டெசிபெல்தான் குறையும்.

இப்போது எதிர்ப்பக்கம். பேயர்டைனமிக் டிடி 880, 600 ஓம் வகை, மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல். அதே ஒரு வோல்ட் அங்கே 1.7 மில்லிவாட்தான். 98 டெசிபெல்லில் நின்றுவிடும். அதுவும் உச்சத் தட்டில் மட்டும். மெல்லப் பதிவு செய்த கச்சேரியில் ஆலாபனை அதைவிட 20 டெசிபெல் கீழே ஓடும், சிலருக்கு அது போதாமல் போகலாம். அந்த மாதிரி ஹெட்போனுக்குத்தான் ஆம்ப். ஐயாயிரத்துக்குள் நீங்கள் வாங்கப்போகும் எதற்கும் அந்தத் தேவை இல்லை. ஆம்புக்கு வைத்த பணத்தை ஹெட்போனில் போடுங்கள்.

12 பிப்ரவரி 2024

டாங்கிள் என்றதும் முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்கிவிடாதீர்கள் என்று எழுத மறந்துவிடக் கூடாது. டைப்-சி டாங்கிளில் இரண்டு ஜாதி. ஒன்றின் உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லு இருக்கும். இன்னொன்று வெறும் கம்பி, போனே ஒலியை மாற்றி டைப்-சி வழியாக அனுப்பினால்தான் வேலை செய்யும். எல்லாப் போனும் அப்படி அனுப்பாது. கடையில் உங்கள் போனில் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆப்பிள் டாங்கிள் நல்ல பொருள், விலைக்கு மேல் தரம். ஒரே சிக்கல், பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் முழுசாக வராது, குறைவாகவே நிற்கும். டாங்கிளின் உள் வால்யூமைத் தானே கையாளும் செயலி ஒன்றில் பாட்டைப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் யூட்யூபிலேயே கேட்பவர்களுக்கு அது உதவாது. அவர்கள் வேறு டாங்கிள் பார்ப்பது நல்லது. லேப்டாப்பிலும் ஐபோனிலும் இந்தத் தொல்லை இல்லை.

12 பிப்ரவரி 2024, பிற்பகல்

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: வயரில் மைக் வேண்டுமா? ரயிலில் போன் பேசுவீர்கள் என்றால் மைக் உள்ள வகையையே வாங்குங்கள். விலை வித்தியாசம் அதிகம் இராது.

18 பிப்ரவரி 2024

"வீட்டுக்கு ஓபன் பேக் வாங்கு, பெரிய மண்டபத்தில் உட்கார்ந்தது போல இருக்கும்" என்று இன்னொரு நண்பர் பரிந்துரைத்திருக்கிறார். ஃபிலிப்ஸ் எஸ்எச்பி9500 நல்ல ஹெட்போன், மறுக்கவில்லை. 32 ஓம், போனிலேயே பாடும், காதை முழுக்க மூடும் அளவு பெரிது, தலையை அழுத்தாது.

ஆனால் அந்தப் பரிந்துரை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, கம்பளம் விரித்த, மின்விசிறியே இல்லாத அறையில் உட்கார்ந்து கேட்பவர்கள் எழுதியது. நம் வீட்டில் தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் ஓடுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறது. ஓபன் பேக்கில் இவை எல்லாம் பாட்டோடு சேர்ந்து உள்ளே வரும். தம்புராவின் மெல்லிய ரீங்காரம்தான் முதலில் காணாமல் போகும், ஃபேன் சத்தம் அதன்மேல் படுத்துவிடும்.

அதற்காக ஓபன் பேக்கே கூடாது என்று சொல்லவில்லை. ஃபேனை இரண்டில் வைத்துக் கேட்க முடிகிற அறை, இரவு பத்து மணிக்கு மேல் என்றால் அதைப் போன்ற சுகம் வேறில்லை. கேள்வி கேட்டவர் இரவில்தான் கேட்கிறேன் என்றதால்தான் திறந்த வகையைச் சொன்னேன். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள கூடத்தில் கேட்பவர் என்றால் பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு பேக் பக்கம் நான் சாய்வேன்: ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் அல்லது அதற்கு அடுத்த படிகள்.

ஹெட்போன் தேர்வின் முதல் கேள்வி "எந்த பிராண்ட்" அல்ல. "நான் கேட்கிற நேரத்தில் என்னைச் சுற்றி எவ்வளவு சத்தம்" என்பதுதான். விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் உங்கள் அறைக்கு வந்து பார்த்ததில்லை.

25 பிப்ரவரி 2024

கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைக் கேட்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கடைக்காரர் போடும் டமால் டிமீல் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லா ஹெட்போனும் நன்றாக இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவை போனில் கொண்டுபோங்கள்.

முதலில் மிருதங்கம். இடப்பக்கத் தொப்பியில் கையை அழுத்தித் தேய்க்கும் குமுக்கி விழும்போது ஒலி வழுக்கி ஏறும் அல்லவா, அந்த வழுக்கல் தனியாகக் கேட்கிறதா? பேஸ், அதாவது கீழ் ஒலி, கூட்டி வைத்த ஹெட்போனில் அது வெறும் 'தொம்' என்று ஊதிப்போய், சுருதியே தெரியாமல் நிற்கும். பேஸ் இல்லாத ஹெட்போனில் வலப்பக்க வலந்தலை மட்டும் டப்பாத் தட்டுவது போலக் கேட்கும். இரண்டு கையும் ஒரே ஆளுடையது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது வயலின். மேல் ஸ்தாயியில் வில் கம்பியை உரசும் சத்தம் கொஞ்சம் கேட்கலாம். பல் கூசக் கூடாது. நாகஸ்வரத்தில் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். நம் காதுக்குழாய் இயல்பாகவே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். ஹெட்போனும் அங்கே தேவைக்கு மேல் தூக்கினால், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும். கடையில் ஒரு நிமிஷம் போட்டால் "ஆஹா, எவ்வளவு தெளிவு" என்று தோன்றுவதும் இதே ஹெட்போன்தான். அதனால் பத்து நிமிஷமாவது காதில் வைத்திருங்கள்.

கடைசியாகக் குரல். தெரிந்த பாடகரின் குரல் தெரிந்தபடி இருக்கிறதா? ஜலதோஷம் பிடித்தது போல இருந்தால் கீழே வையுங்கள்.

3 மார்ச் 2024

போன குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "இது எல்லாம் அவரவர் ரசனை, அளக்க முடியாது" என்கிறார். ரசனைக்கு இடம் உண்டு. ஆனால் முழுக்க அப்படி இல்லை. ஆடியோ கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி போன்ற ஆய்வாளர்கள் 2013 வாக்கிலிருந்து இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் எப்படி இருக்குமோ, அதை ஒட்டி வரும் ஹெட்போனைத்தான் பெரும்பாலானோர் விரும்புகிறார்கள் என்பது அதன் சாரம். இன்று இரண்டாயிரம் ரூபாய் இன்-இயர் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்ற வளைவில் எதை நோக்கிச் செய்ய வேண்டும் என்று சின்னக் கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது.

10 மார்ச் 2024

கோஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள், "இவ்வளவு பழைய டிசைனை இன்னுமா சொல்கிறீர்கள்" என்று.

ஆமாம், பழசுதான். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் கோஸ் 1958-ல் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஹெட்போன் என்றால் டெலிபோன் ஆபரேட்டர், வானொலி, ராணுவம். பாட்டு கேட்க என்று வீட்டுக்குள் வந்தது அந்த வழியாகத்தான். 1968-ல் சென்ஹைசர் எச்டி 414 வந்தது, முதல் ஓபன் பேக், மஞ்சள் நுரை வைத்தது. 1979-ல் சோனி வாக்மேன். அதோடு கொடுத்த நுரை வைத்த குட்டி ஹெட்போன்தான் நடந்துகொண்டே பாட்டு கேட்பது என்ற பழக்கத்தை உலகத்துக்குக் கொடுத்தது. போர்ட்டா ப்ரோ 1984. அந்த உருவத்தில், இன்றும் விற்கிறது.

நாற்பது வருஷம் ஒரு பொருள் மாறாமல் விற்றால் அதில் ஏதோ சரியாக அமைந்திருக்கிறது. இதில் அது எடை. தலையில் இருப்பதே தெரியாது. காதில் வேர்க்காது. நுரை கிழிந்தால் வேறு நுரை வாங்கி மாட்டலாம், ஒரு நிமிஷ வேலை. குறையும் உண்டு: சத்தம் இரண்டு பக்கமும் கசியும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நீங்கள் கேட்கும் பாட்டு தெரியும். அடி ஆழப் பேஸ் இராது, நடு பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கேஎஸ்சி75 காதில் கொக்கியாக மாட்டும் வகை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்தக் கொக்கி இடறும். எனக்கு அது ஒத்துவரவில்லை, கொக்கியைக் கழற்றிவிட்டு ஒலி வரும் பகுதியை மட்டும் வேறொரு தலைவளையத்தில் மாட்டிக்கொண்டேன். நிறையப் பேர் செய்வதுதான்.

22 மார்ச் 2024

இன்-இயர் வாங்கியவர் "பேஸே இல்லை, ஏமாந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். திருப்பி அனுப்பாதீர்கள். பெட்டியில் இன்னும் இரண்டு அளவு ரப்பர் முனை இருக்கும், பெரியதை மாட்டிப் பாருங்கள். காதுக்கும் ரப்பருக்கும் நடுவே நூல் இடைவெளி இருந்தாலும் பேஸ் அத்தனையும் அதன் வழியே ஓடிவிடும். போடும்போது மறு கையால் காது மடலை மேலே, பின்னால் இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். உட்கார்ந்ததும் வெளிச் சத்தம் சட்டென்று அடங்க வேண்டும். சில பேருக்கு வலது காதுக்கு ஒரு அளவு, இடதுக்கு ஒரு அளவு. அதில் தப்பொன்றும் இல்லை.

வயரைக் காதுக்கு மேல் சுற்றிப் பின்பக்கமாக விடுங்கள். சட்டையில் உரசும் 'கரகர' முக்கால்வாசி போய்விடும்.

24 மார்ச் 2024

பெரிய முனை மாட்டினாராம், பேஸ் வந்துவிட்டதாம். நல்லது.

14 ஏப்ரல் 2024

ரயிலுக்கு இன்-இயர்தான் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒலி அழகு மட்டும் காரணம் இல்லை. காது.

உலக சுகாதார அமைப்பின் கணக்கு: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம். அங்கிருந்து ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி, 86-ல் 10, 89-ல் 5, 92-ல் இரண்டரை மணி. தாம்பரம், பீச் போக வர வாரத்துக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டி ரயிலிலேயே போய்விடும். திறந்த ஹெட்போனில் ரயில் சத்தத்துக்கு மேலே குரல் கேட்க வேண்டும் என்று நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், அது தெரியாமலே நடக்கும். இன்-இயர் சரியாக உட்கார்ந்தால் பேச்சும் இரைச்சலும் நன்றாக அடங்கும், சக்கரத்தின் உறுமல் ஓரளவு. வீட்டில் வைக்கும் அளவிலேயே ரயிலிலும் கேட்கலாம்.

பிளாட்பாரத்தில் இறங்குவதற்கு முன் கழற்றிப் பையில் போடுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது காதில் எதுவுமே இருக்கக் கூடாது. இதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், வயசு பார்ப்பதில்லை.

19 மே 2024

கத்தரி வெயில். என் பழைய க்ளோஸ்டு பேக்கின் இயர்பேட், அதாவது காதில் படும் மெத்தை, உரிந்து கறுப்புத் துகளாகக் கழுத்தில் ஒட்டுகிறது. செயற்கைத் தோலுக்கும் நம் ஊர் வியர்வைக்கும் ஆகாது, எந்த பிராண்ட் ஆனாலும் சீக்கிரம் உரியும். துணி பேட் மாற்றினேன். காது குளிர்ந்தது, ஆனால் பேஸ் ஒரு சுற்று இளைத்துவிட்டது. துணி காற்றை விடும், அதோடு பேஸும் போகும். மாற்றுகிறவர்கள் இதை எதிர்பார்த்தே மாற்றுங்கள்.

வாங்கும்போதே அந்த மாடலுக்குத் தனியாக பேட் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சோனி எம்டிஆர்-7506 1991-லிருந்து வருகிறது, ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் பார்க்கலாம். அது இத்தனை காலம் நின்றதற்கு பேட் முதல் வயர் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய காரணம். உங்கள் பட்ஜெட்டுக்கு மேல்தான், ஆனால் இந்தக் கேள்வி எந்த விலைக்கும் பொருந்தும்.

இன்-இயரில் வெயில் காலத் தொல்லை வேறு. ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்றால் பெரும்பாலும் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் போகவில்லை. முனையில் உள்ள சல்லடையில் வியர்வை ஈரமோ அழுக்கோ அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். பல தடவை அதிலேயே சரியாகிவிடும். சூ 2-வில் முனையையே திருகிக் கழற்றலாம், அது இந்த ஊருக்கு நல்ல வசதி.

7 ஜூலை 2024

கழற்றும் வயர் ஏன் முக்கியம் என்று பிப்ரவரியில் சொல்லிவிட்டு எழுதாமலே விட்டிருக்கிறேன்.

வயர் ஹெட்போன் சாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: போனில் செருகும் ஜாக்கின் கழுத்தில், ரப்பர் முடியும் இடத்தில். போனைப் பாக்கெட்டில் போட்டு உட்காருவோம், அங்கே மடங்கும். கழற்றும் வயர் என்றால் சில நூறு ரூபாயில் புது வயர். ஒட்டிய வயர் என்றால் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங்.

போன வாரம் அண்ணன் மகனின் ஹெட்போனுக்குச் செய்தேன். சென்னை ரிச்சி தெருவில் உலோக ஜாக் வாங்கிவந்தேன். வயரைச் சீவினால் உள்ளே தலைமுடி போல மூன்று கற்றை, சிவப்பு, பச்சை, செம்பு நிறம். பொதுவாகச் சிவப்பு வலது, பச்சை இடது, செம்பு பொது. இதில் பலர் தோற்பது எங்கே என்றால், அந்த நிறம் வெறும் சாயம் இல்லை, எனாமல் பூச்சு. அதன்மேல் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். சூடான சால்டரிங் முனையில் ஒரு துளி ஈயம் வைத்து, கற்றையின் நுனியை அந்தத் துளிக்குள்ளேயே சில விநாடி பிடிக்க வேண்டும். லேசாகப் புகை வரும், பூச்சு எரியும், செம்பு வெள்ளி நிறமாக மாறும். அப்புறம்தான் ஜாக்கில் வைக்க வேண்டும். கற்றைக்குள் ஓடும் நைலான் இழையையும் முன்பே நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உருகி நடுவில் புகுந்து தொல்லை. ஜாக்கின் மூடியை வயரில் முதலில் கோத்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும், அது ரொம்ப முக்கியம். புகையை மூக்கில் வாங்காதீர்கள்.

பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டாவது கற்றையை அவனே வைத்தான்.

புதிதாக வாங்குகிறவர்கள் எல் வடிவ ஜாக் உள்ளதைப் பாருங்கள். பாக்கெட்டில் நேர் ஜாக்கைவிட நிச்சயம் அதிக நாள் தாங்கும்.

1 செப்டம்பர் 2024

பழைய பாட்டு பற்றி ஒன்று. அறுபதுகளின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. எந்த ஹெட்போனில் கேட்டாலும் ஒலி தலைக்கு நடுவில்தான் நிற்கும். மேடை அகலம், வாத்தியம் பிரியும் இடம் என்று விமர்சனத்தில் எழுதுவது எதுவும் அங்கே பொருந்தாது. மோனோவே அதிகம் கேட்கிறவர் அந்த அகலத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது வீண். அவர்கள் பார்க்க வேண்டியது குரல் பகுதி இயல்பாக இருக்கிறதா, மேல் ஒலி அடக்கமாக இருக்கிறதா என்பதை. பழைய நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சலை ட்ரெபிள் தூக்கிய ஹெட்போன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். வானொலிக் கச்சேரிப் பதிவுகளுக்கும் இதுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், கூசுகிறது என்றால், ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, இரண்டும் இலவசமாகவே தொடங்கலாம். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் இறக்கிப் பாருங்கள். எதையும் ஏற்றுவதைவிட இறக்குவது பாதுகாப்பு. ஏற்றினால் மொத்த வால்யூமை அதே அளவு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சத்தில் ஒலி உடையும்.

15 டிசம்பர் 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ரயிலுக்கு இன்-இயரும் டாங்கிளும் மார்ச்சிலேயே வாங்கிவிட்டாராம், வீட்டுக்கு நுரை ஹெட்போன் தீபாவளிக்கு. மொத்தமும் ஐயாயிரத்தை ஒட்டி முடிந்திருக்கிறது. இப்போது அவர் மனைவியும் கேட்க ஆரம்பித்துவிட்டார், இரண்டு பேரும் ஒரே பதிவைச் சேர்ந்து கேட்க வழி உண்டா என்கிறார்.

உண்டு. ஒரு ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் 'ஒய்' வயர் போதும். ஆனால் இரண்டும் ஒரே மாடலாக இருந்தால்தான் சத்தம் சமமாக வரும். இன்-இயரையும் 60 ஓம் ஹெட்போனையும் சேர்த்துச் செருகினால் ஒருவருக்குச் சத்தம் கூடும், ஒருவருக்குக் குறையும். அதனால் அதே நுரை ஹெட்போன் இன்னொன்று வாங்குங்கள்.

தம்பி ஒருவர், கல்லூரி மாணவர், "என்னிடம் இரண்டாயிரம்தான் இருக்கிறது, ஒன்றுதான் வாங்க முடியும்" என்று கேட்டிருக்கிறார். அப்படியானால் இன்-இயர், கழற்றும் வயரோடு. விடுதியிலும் பஸ்ஸிலும் அதுவே உதவும். போனில் ஜாக் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த இரண்டாயிரத்திலேயே டாங்கிளுக்கும் ஒதுக்க வேண்டும்.